ஐப்பசி வந்தால் ஆடு ஏன் சாகிறது? தோட்டத்துக்குப் புதிதாகக் குடிவந்தவருக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எடுத்துச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். சென்னையிலிருந்து தாராபுரம் பக்கம் மாமனாரின் தோட்டத்துக்குக் குடிவந்து சில மாதங்கள் ஆகின்றன. 2 கறவை மாடு, 1 கன்று, 12 செம்மறி, 4 வெள்ளாடு, 20 நாட்டுக்கோழி, 3 ஏக்கர் கொறங்காடு (வேலி அடைத்த மேய்ச்சல் நிலம்), கிணற்றோரம் 15 சென்ட் காய்கறி. கணவருக்கு வீட்டிலிருந்தே கணினி வேலை. மழைக்காலத்தில் ஒரு நாள் எப்படி ஓடும், என்னென்ன தயார் செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, தீபாவளி முடிந்ததும் சந்தையில் நான்கு குட்டி வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி இருக்கிறது: "ஐப்பசி வந்தா ரெண்டு ஆடாவது போயிரும்னு மாமா சொல்வார்." நீங்கள் பயந்து கேட்பது இதைத்தான் என்று நினைக்கிறேன். மழை வந்தால் பண்டம் (ஆடு மாடுகள்) ஏன் சாகிறது, அதைத் தடுக்க முடியுமா என்பதற்கே முதலில் பதில் சொல்கிறேன். பெரும்பாலும் தடுக்க முடியும்.

நான் கால்நடை மருத்துவர். அரசு கால்நடை மருந்தகங்களில், பெரும்பகுதி காங்கயம், மூலனூர், தாராபுரம் வட்டாரத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆடு மாடு பற்றி நான் சொல்வதை நம்பலாம். செடி கொடி விஷயத்தில் என் அறிவு வீட்டுத் தோட்டம் அளவுக்குத்தான். அதைப் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் ஒருமுறை கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கடை மருந்துகளின் அளவுகளை இங்கே எழுதமாட்டேன். அது எடையைப் பார்த்து, சினையா இல்லையா என்று பார்த்துச் சொல்ல வேண்டியது.

நம் பக்கத்தின் பருவம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். ஆனியிலிருந்து ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று வாரி அடிக்கிறது. மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு வெறும் காற்றாக வரும். கொறங்காட்டுப் புல் காய்ந்து, ஆடுகள் வேரோடு கரண்டித் தின்னும் காலம் அது. புரட்டாசியில் காற்று ஓய்ந்து, கீழ்க்காற்று திரும்பும். தமிழ்நாட்டுக்கு வருடம் முழுக்கக் கிடைக்கும் மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் வருகிறது. கடற்கரை மாவட்டங்கள் அளவுக்கு இங்கே பெய்யாது. ஆனால் இரண்டு நல்ல மழை போதும், பத்து நாளில் கொழுக்கட்டைப் புல்லும் நரிப்பயறும் துளிர்த்துக் காடே பச்சையாகிவிடும். அதைப் பார்த்து எல்லாருக்கும் மனசு நிறையும். ஆட்டுக்கு ஆபத்து தொடங்குவதும் அந்த வாரத்தில்தான். மழையில் நனைந்து சாகிற ஆடுகளைவிட, மழைக்கப்புறம் வந்த தீனியால் சாகிற ஆடுகளை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

காரணம் இதுதான். ஆடு மாடு தின்பதைச் செரிக்கவைப்பது அதன் பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள். மூன்று மாதம் காய்ந்த சோளத்தட்டும் சருகும் தின்ற வயிற்றில் அதற்கேற்ற உயிர்கள்தான் பெருகியிருக்கும். இளம்புல்லுக்கு அந்த வயிறு பழக ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும். அதற்குள் வயிறு முட்டப் பச்சையைத் தின்றால் கழிச்சல் வரும், உப்புசம் வரும். செம்மறிக்கு வருகிற துள்ளுமாரி இவை எல்லாவற்றையும்விட மோசம். குடலில் சாதாரணமாகவே கொஞ்சம் இருக்கும் ஒரு பாக்டீரியா, திடீரென்று கிடைத்த வளமான தீனியில் பலமடங்கு பெருகி நஞ்சைக் கக்குகிறது. மந்தையிலேயே நன்றாகத் தின்று கொழுத்த குட்டிதான் முதலில் போகும். சாயங்காலம் துள்ளிக்கொண்டு பட்டிக்குள் போனது, காலையில் கால் விறைத்துக் கிடக்கும். வைத்தியம் பார்க்க நேரமே தராத நோய் இது. தடுப்பூசிதான் முக்கியமான வழி. முதல்முறை போடும் ஆட்டுக்கு இரண்டு வார இடைவெளியில் இரண்டு ஊசி தேவை, எதிர்ப்புச் சக்தி உருவாகவும் நாளாகும். ஆகவே மாமனார் கடைசியாக எப்போது போட்டார் என்று தெரியாவிட்டால், புதிதாகப் போடுவதாகவே கணக்கு வைத்து, மழை பிடிக்கும் முன்பே, இந்த வாரமே மருந்தகத்துக்குப் போய்விடுங்கள்.

இப்போது ஒரு நாள் எப்படி ஓடும் என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் நாளின் ஒழுங்குதான் இதற்கு மருந்து. காலை ஐந்தரைக்கு மாடு கட்டும் கட்டுத்தறியில் சாணம் அள்ளி, மடி கழுவி, பால் கறந்து, பால் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்தால் ஏழு மணி. ஆடுகள் கத்தும். கத்தட்டும், பட்டிக் கதவை உடனே திறக்க வேண்டாம். பட்டிக்குள்ளேயே கொஞ்சம் சோளத்தட்டோ கடலைக்கொடியோ போடுங்கள். வயிற்றில் காய்ந்த தீனி இருந்தால் பச்சையின் மேல் பாய்ந்து விழாது. பனியும் மழைநீரும் புல்நுனியிலிருந்து காய்ந்த பிறகு, ஒன்பதரை பத்து மணிக்கு மேல் ஓட்டுங்கள். பச்சை கிளம்பிய முதல் சில நாள் ஒரு மணி நேரம் மேய்ந்தால் போதும். பிறகு மெல்ல நேரத்தைக் கூட்டி, இரண்டு வாரத்தில் முழுநேர மேய்ச்சலுக்கு வரலாம். பொழுது சாயும் முன்பே பட்டியில் அடையுங்கள். சாயங்காலம் திரும்பக் கறவை, கோழி அடைப்பு. இருவர் சேர்ந்து செய்தால் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒன்றரை. கணவரின் வேலைக்கு இது இடைஞ்சல் ஆகாது. ஆனால் நாளெல்லாம் அடைமழை பிடிக்கும் நாளில் ஒருவர் முழுநேரம் பண்டத்தோடு இருந்தாக வேண்டும். அன்று மேய்ச்சல் கிடையாது, எல்லாமே கைத்தீனிதான்.

காலையில் நேரம் கழித்து ஓட்டச் சொன்னதற்கு இன்னொரு காரணம் குடற்புழு. ஆட்டின் நான்காம் வயிற்றில் ஒட்டி ரத்தம் குடிக்கும் ஒரு புழு இருக்கிறது. ஒரு பெண்புழு ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் முட்டை இடும். புழுக்கையோடு வெளியே வரும் முட்டை, ஈரமும் வெப்பமும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் தொற்றும் நிலைக்கு வளர்ந்து, புல்லில் இருக்கும் ஈரப்படலத்தைப் பிடித்து மேலேறுகிறது. அதிலும் பெரும்பாலானவை தரையிலிருந்து இரண்டு விரல்கட்டை உயரத்துக்குள்தான் இருக்கும். ஆகவே கட்டைப்புல்லை ஒட்ட மேயவிடாமல், மூன்று ஏக்கரையும் இரண்டு மூன்றாகத் தடுத்து மாற்றி மாற்றி மேய்ப்பது பெரிய பாதுகாப்பு. உங்கள் கொறங்காட்டில் நடுவில் பழைய கிளுவை வேலி இருந்தால் அதை எடுத்துவிடாதீர்கள்.

இந்தப் புழுவைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம்தான் வேண்டும் என்றில்லை. பகல் வெளிச்சத்தில் ஆட்டின் தலையைப் பிடித்து, ஒரு கட்டைவிரலால் மேல் இமையை மெதுவாகக் கண்மேல் அழுத்துங்கள். இன்னொரு கட்டைவிரலால் கீழ் இமையைக் கீழே இழுங்கள். உள்சதை ஒரு நொடி பிதுங்கித் தெரியும். நல்ல சிவப்பாக இருந்தால் பயமில்லை. இளஞ்சிவப்பானால் கவனிக்க வேண்டும். வெளுத்துக் காகிதமாக இருந்தால் அன்றே மருந்து. தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கினால் நிலைமை முற்றியிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் இதற்கென்றே ஐந்து நிறம் கொண்ட அட்டை உருவாக்கி உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். உங்களிடம் இருப்பது 16 உருப்படி. பத்து நாளைக்கு ஒருமுறை அரைமணி நேரத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். வெளிறிய கண் ரத்தம் குறைந்திருப்பதைக் காட்டும், அதற்குப் புழுதான் காரணம் என்று காட்டாது. உண்ணி மொய்த்தாலும், குட்டை ஓரம் மேய்ந்து தட்டைப்புழு பிடித்தாலும் ரத்தம் குறையும். புழுக்கையைச் சின்ன டப்பாவில் போட்டு மருந்தகத்தில் கொடுத்தால் சோதித்துச் சொல்வார்கள். எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் மருந்து ஊற்றும் பழக்கத்துக்கு மட்டும் போய்விடாதீர்கள். அதனால்தான் மருந்துக்கு அடங்காத புழு பெருகுகிறது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் அல்பென்டசோலை, சினை பிடித்த முதல் மாதங்களில் இருக்கும் ஆட்டுக்குக் கொடுக்கவும் கூடாது. கருவிலிருக்கும் குட்டி ஊனமாகலாம்.

மாட்டுக்கு நான் மிகவும் பயப்படுவது சோளப்பயிருக்குத்தான். வறட்சியில் வாடி நின்று, மழை விழுந்ததும் மறுபடி துளிர்த்த இளஞ்சோளத்தில் சயனைடு நஞ்சாக மாறும் பொருள் நிறைய இருக்கும். அறுத்த தாளிலிருந்து கிளம்பும் துளிரும் அப்படித்தான். கயிறு அவிழ்ந்த மாடு பக்கத்துக் காட்டில் பத்து வாய் கடித்தாலே போதும். கால் மணி நேரத்தில் மூச்சு இரைக்கும், தள்ளாடி விழும். இதற்கு மாற்று மருந்து உண்டு, ஆனால் நரம்பில் ஊசியாக ஏற்ற வேண்டும், மருத்துவர் வந்துசேர்வதற்குள் உயிர் தங்க வேண்டும். பூ எடுத்த பிறகு அறுத்து நன்றாகக் காயவைத்த தட்டில் இந்த ஆபத்து இல்லை. மரவள்ளி இலையிலும் இதே நஞ்சு இருக்கிறது. ஆகவே ஐப்பசி பிறக்கும் முன் மூக்கணாங்கயிறு, தும்பு, முளைக்குச்சி எல்லாவற்றையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

உப்புசம் வந்தால் இடது பக்கப் பசிப்பள்ளம் (விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவில் இருக்கும் குழி) மேலே எழும்பி, தட்டினால் மத்தளம் போலச் சத்தம் வரும். நுரைத்த உப்புசத்துக்குச் சமையல் எண்ணெய் உண்மையாகவே வேலை செய்யும், நுரையை உடைத்துவிடும். ஆட்டுக்கு 50 மில்லி, மாட்டுக்குக் கால் லிட்டர் அளவு. ஆபத்து ஊற்றும் விதத்தில் இருக்கிறது. தலையை அண்ணாந்து தூக்கி, நாக்கை வெளியே இழுத்துப் பிடித்து ஊற்றுவார்கள். எண்ணெய் நேராக நுரையீரலுக்குப் போய், உப்புசத்தில் பிழைத்தது நிமோனியாவில் நான்காம் நாள் சாகும். மூக்கு கண்ணின் மட்டத்துக்கு மேலே போகக் கூடாது. கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, விழுங்குகிறதா என்று பார்த்து அடுத்ததை ஊற்றுங்கள். இருமினால் உடனே தலையை விட்டுவிடுங்கள். வயிறு வேகமாக ஏறிக்கொண்டே போனால் எண்ணெயோடு நிற்காமல் 1962-க்கு அழைத்துவிடுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

அப்புறம் ஈரம். கறந்து முடித்த பிறகு காம்பின் துளை முழுதாக மூட அரைமணி நேரம்போல ஆகும். அதற்குள் மாடு சேற்றில் படுத்தால் கிருமி நேராக மடிக்குள் போகிறது. ஆகவே கறந்ததும் முன்னால் கொஞ்சம் தட்டு போட்டுவிடுங்கள், தின்றுகொண்டே நிற்கும். கட்டுத்தறித் தரை பின்பக்கம் சாய்வாக இருக்கிறதா, மூத்திரக் குழி அடைத்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். மடி லேசாகக் கெட்டிப்பட்டுப் பால் திரிந்தால் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்துப் பூசும் முறை ஒன்று இருக்கிறது. தேசிய பால்வள வாரியமும் அதைப் பரிந்துரைக்கிறது. ஆரம்ப நிலையில் அது நல்ல பலன் தருவதை நானே பார்த்திருக்கிறேன். காய்ச்சல் வந்து, மாடு தீனி விட்டு, பாலில் ரத்தம் தெரிந்தால் பூச்சை நம்பி ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. பச்சைப்புல் கூடும்போது சொசைட்டியில் கொழுப்பு அளவு இறங்கும். மாட்டுக்கு நோய் என்று பயப்படாதீர்கள், நார்ச்சத்து குறைந்ததன் விளைவு அது. தட்டைக் கூட்டினால் ஏறிவிடும். தட்டுப்போருக்கு அடியில் கல்லோ மரமோ கொடுத்துத் தரையிலிருந்து தூக்கி, மேலே தார்ப்பாய் கட்டுங்கள். பூசணம் பிடித்த புண்ணாக்கையும் மக்காச்சோளத்தையும் எந்தப் பண்டத்துக்கும் போடாதீர்கள், கோழிக்குக்கூட. அந்த நஞ்சு ஈரலைக் கெடுக்கும், மாட்டில் பால் வழியாக உங்கள் வீட்டுக் குழந்தைக்கும் வரும்.

செம்மறிக்கு இந்தப் பருவத்தில் வரும் இன்னொன்று நீலநாக்கு நோய். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிறு கொசு கடித்துப் பரவுகிறது, அவை பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை திரியும். பொழுதோடு அடைக்கச் சொன்னது அதற்காகத்தான். பெயரைப் பார்த்து நாக்கு நீலமாக இருக்கிறதா என்று தேடாதீர்கள். பல ஆடுகளில் அது இருக்காது. முகம் வீங்கி, மூக்கில் சளி காய்ந்து பொருக்காகி, குளம்புக்கு மேல் சிவந்து நொண்டினால் சந்தேகப்படுங்கள். வாய்ப்புண்ணால் புல் தின்னாது, கேழ்வரகுக் கூழ் கொடுத்து நிழலில் வைத்துப் பார்த்தால் பல ஆடுகள் மீளும். தடுப்பூசி இருக்கிறது, கேட்டுப் போடுங்கள். வேப்பிலை, நொச்சிப் புகை போடலாமா என்றால், புகை இருக்கும் வரை கொசு விலகும், ஆட்டுக்கும் நிம்மதி. அதனால் நோய் நின்றுவிடும் என்று மட்டும் நான் சொல்லமாட்டேன். மாட்டுக்குக் கோமாரி ஊசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பதைத் தவறவிடாதீர்கள். மழையில் ஆடு குட்டி போட்டால், குட்டியைச் சாக்கால் துடைத்துக் காயவைத்து, தொப்புளில் அயோடின் தடவி, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வையுங்கள். ஈரத்தோடும் வெறும் வயிற்றோடும் ஒரு ராத்திரி போனால் பிழைப்பது கடினம்.

கோழியில் பெரிய வேலை இல்லை. முட்டை குறையும், பொழுது சுருங்குவதாலும் இறகு உதிர்வதாலும் அப்படித்தான் ஆகும், டானிக் தேவையில்லை. இப்போது அடை வைக்காதீர்கள். 21 நாளில் பொரித்து, கார்த்திகை மழையில் குஞ்சு நடுங்கும். தை பிறக்கட்டும். வெள்ளைக்கழிச்சலுக்கு ஊசி போட்டதா என்று பாருங்கள். கொடாப்புக்கு (கோழியைக் கவிழ்த்து அடைக்கும் கூடைக்கு) அடியில் இருக்கும் ஈரமான உமியை அள்ளி வெளியே போட்டுவிட்டுக் காய்ந்த உமியைப் பரப்புங்கள், ஈரத்தில்தான் ரத்தக்கழிச்சல் வருகிறது.

காய்கறித் தோட்டத்தில் இந்தப் பருவத்தின் மகிழ்ச்சி அவரைதான். ஆடியில் போட்ட பந்தல் அவரை, பொழுது குறையத் தொடங்கியதும் பூவெடுத்து, கார்த்திகையிலிருந்து மாசி வரை காய்க்கும். கொழுந்தில் அசுவினி அப்பினால் வேப்பெண்ணெய்க் கரைசல் போதும். மற்ற எல்லாவற்றுக்கும் மேட்டுப்பாத்தி. மிளகாய், தக்காளி நாற்று தண்ணீர் நின்றால் தண்டடியில் அழுகிச் சாயும். முருங்கை மரத்தண்டைக் காலையில் சுற்றிப் பாருங்கள். கம்பளிப்பூச்சிகள் பகலில் தண்டில் அப்பிக்கிடந்து ராத்திரி இலைக்கு ஏறும், பந்தம் கொளுத்திக் காட்டினால் அன்றோடு முடியும். கொள்ளு விதைக்க இதுதான் காலம். குப்பைக்குழிமேல் தென்னங்கீற்று போட்டு மூடுங்கள், மழையில் கரைந்து ஓடுவது எருவின் சத்து.

உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காலில் வெட்டுக்காயத்தோடு கட்டுத்தறிச் சேற்றில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. காய்ச்சலோடு உடம்பில் எங்காவது கறுத்த பொருக்கு தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், புல்லில் இருக்கும் சிறு பூச்சி கடித்து வரும் உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். இந்த மாதங்களில் யாரும் தரையில் படுக்க வேண்டாம். கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம். பாம்பு கடித்தால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள், விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். இடி இடிக்கும்போது ஆட்டைத் தனிமரத்தடியில் ஒதுக்காதீர்கள், நீங்களும் ஒதுங்காதீர்கள்.

கடைசியாகச் சந்தைக் குட்டி. இப்போது வேண்டாம். பல ஊர் ஆடுகள் ஈரத்தில் நெருக்கி நின்ற இடத்திலிருந்து வரும் குட்டி, ஆட்டுக்கொல்லி நோயை மூச்சிலேயே கொண்டுவரலாம், வந்த அன்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. தை மாசியில், தெரிந்த தோட்டத்தில் பல்லும் கண் இமையும் பார்த்து வாங்குங்கள். அப்போதும் மூன்று வாரம் தனியாகக் கட்டி, தனித் தண்ணீர் காட்டி, புழுமருந்தும் ஊசியும் முடித்த பிறகு பட்டியில் சேருங்கள். அந்த மூன்று வாரமும் உங்கள் ஆடுகளைப் பார்த்து முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் புதுக்குட்டிகளிடம் போக வேண்டும். முதலில் அங்கே போய்விட்டுக் கைகால் கழுவாமல் பட்டிக்குள் வந்தால், தனியாகக் கட்டியதில் பயனில்லை.